வெள்ளச்சியின் கண்ணீர்க் கோடு

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்க மண்டபத்தின் வாயிலில் எங்கள் அன்னையாரின் மடியில் அமர்ந்திருந்த நாயைக் கண்ட அன்பர்கள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டனர். "உடம்பெல்லாம் பாலாய் வெளுத்திருக்கிறதே, கண்ணிலிருந்து மூக்கோரம் வரைக்கும் இந்தச் செம்பழுப்புக் கோடு மட்டும் எதற்கு? எதைப் போட்டுத் துடைத்தால் போகும்?" கேட்டவர்களில் ஒருவர் வீட்டில் வெள்ளை ஸ்பிட்ஸ் நாய், மற்றொருவர் வீட்டில் பாரசீகப் பூனை. இருவர் வீட்டிலும் இதே குறைதானாம். பொங்கல் பானை பொங்கி, குலவை ஒலி எழுந்து கொண்டிருந்த வேளையில் நின்று விளக்க இயலவில்லை. அருகிலிருந்த ஆசிரியர், "எழுதிக் கொடுத்து விடுங்களேன்" என்றார்.

ரயில்வே பார்சல் அலுவலகத்துக் குமாஸ்தாவுக்கு, அதுவும் பத்தாம் வகுப்போடு கல்வியை முடித்துக் கொண்டவருக்கு, மருத்துவம் பேசுவதற்கு என்ன தகுதி என்று நேயர்கள் வினவலாம். எங்களுக்கு உள்ள தகுதி ஒன்றே. செய்யத் தகாதவற்றை எல்லாம் செய்து, வாயில்லாச் சீவன் ஒன்றின் கண்ணைப் பறிகொடுக்கும் நிலைவரை சென்று மீண்டவர்கள் நாங்கள். அதனால் கேட்ட கேள்விக்கு விடை கூறுமுன், கேட்கப்படாத கேள்வி ஒன்றையும் இங்கே வைக்க வேண்டியிருக்கிறது. கறையை எப்படிப் போக்குவது என்பது பிறகு. கண்ணீர் ஏன் வெளியே வழிகிறது என்பதே முதற்கேள்வி.

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் அது எங்கள் வீட்டுக்கு வந்தது. நாகபுரியின் ரயில்வே குடியிருப்பில் வசிப்பவர்களுக்கு மாற்றல் உத்தரவுக் காலம் எப்படி இருக்கும் என்பது தெரியும். கட்டில், பீரோ, மோட்டார் சைக்கிள் யாவும் பார்சலில் ஏறும். நாய் மட்டும் நின்றுவிடும். குவாஹாட்டிக்கு மாற்றலாகிச் சென்ற ஓர் அதிகாரியின் குடும்பத்தார், இரண்டு வயதுள்ள ஷிட்சு இனப் பெட்டை நாயை எங்கள் கையில் ஒப்படைத்து, கண் கலங்கி விடை பெற்றனர். தட்டை மூக்கும், உருண்டு பிதுங்கிய கண்களும், முகமெல்லாம் தொங்கும் பட்டுமயிருமாக இருந்த அதற்கு அவர்கள் ஆங்கிலப் பெயர் ஒன்றை இட்டிருந்தனர். அது எங்கள் அன்னையாரின் வாயில் நுழையவில்லை. இரண்டே நாளில் அது வெள்ளச்சி ஆயிற்று.

அன்னையார் அம்பாசமுத்திரத்துக்கு அருகிலுள்ள சிற்றூரில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, தந்தையார் மறைந்தபின் எங்களோடு வந்து சேர்ந்தவர். இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. காலையில் நாங்கள் அலுவலகத்துக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விட்டால், இல்லத்தரசி வீட்டு வேலையில் மூழ்கிவிட்டால், அவருடன் பேசுவதற்கு ஆளில்லை. அண்டை வீட்டு மராத்தியப் பெண்மணியிடம் கையசைப்பும் புன்சிரிப்பும் உண்டு. அதற்குமேல் மொழி வழிவிடாது. வெள்ளச்சி வந்த பிறகுதான் அவருடைய குரலை நாங்கள் மீண்டும் கேட்டோம். இந்தியிலே பழகிய நாய் ஒரு மாதத்தில் "வாட்டீ", "இரு", "தின்னு" என்பவற்றைப் புரிந்து கொண்டது. பிள்ளைகள் தமிழ் கற்பதைவிட நாய் விரைவாகக் கற்கிறது என்று வீட்டில் ஒரு கேலி.

வந்த நாள் முதலே அதன் கண்ணின் உள்முனையிலிருந்து மூக்கின் இருபுறமும் துருப்பிடித்தாற்போன்ற கோடு இருந்தது. மயிர் எந்நேரமும் ஈரமாகவே இருக்கும். கிட்டச் சென்றால் புளித்த வாடை வீசும். இதுபற்றி வீட்டில் மூன்று கருத்துகள் நிலவின. இல்லத்தரசி அதை அழுக்கு என்றார். எங்களுக்கு அது அழகுக் குறையாகப் பட்டது. அன்னையார் மட்டும் அதை அழுகை என்றார். "பழைய வீட்டை நெனச்சுக் கண்ணீர் விடுது. ஊரு விட்டு ஊரு வந்தா மனுஷிக்கே ஆறலை, வாயில்லாச் சீவனுக்கு எப்படி ஆறும்?" என்று அவர் கூறியபோது, அவர் நாயைப்பற்றி மட்டும் பேசவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. அதற்கு மறுமொழி ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

மூவர் கருத்தும் தவறு என்பது பின்னரே விளங்கிற்று. கண்ணில் நீர் சுரப்பது எப்போதும் நடைபெறுவது. விழியின் மேற்பரப்பை நனைத்து, தூசியைக் கழுவி, தன் வேலை முடிந்ததும் அந்நீர் வெளியேற வேண்டும். அதற்கென்றே கண்ணின் உள்முனையில், மேலிமையில் ஒன்றும் கீழிமையில் ஒன்றுமாக நுண்ணிய துளைகள் உள்ளன. அவற்றிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மூக்கினுள் செல்கிறது. நம் வீடுகளில் அங்கணக்குழி வழியாக நீர் தெருச் சாக்கடைக்குப் போவதைப் போலத்தான். அழும்போது நமக்கும் மூக்கு ஒழுகுகிறதே, அது இந்த வழியால்தான். குழாய் அடைபட்டாலும், துளை பிறவியிலேயே திறவாமல் இருந்தாலும், அல்லது வழி நன்றாக இருந்தும் அளவுக்கு மீறி நீர் சுரந்தாலும், அங்கணம் நிறைந்து முற்றத்தில் வழிவதுபோல் நீர் முகத்தில் வழிகிறது. ஷிட்சு, பக், பீக்கினீஸ் முதலிய தட்டை முக நாய்களுக்கும் பாரசீகப் பூனைக்கும் கண்குழி ஆழமற்றது. குழாயும் நேராக இராமல் வளைந்து நெளிந்து செல்வது. ஆதலால் இவற்றுக்கு இத்தொல்லை மிகுதி.

கண்ணீர் நிறமற்றது, பின் செம்பழுப்பு எங்கிருந்து வந்தது? உடலில் இரத்தச் சிவப்பணுக்கள் நாள்தோறும் தேய்ந்து சிதைகின்றன. அச்சிதைவில் பிறக்கும் ஒருவகை நிறப்பொருளுக்குப் போர்ஃபிரின் என்பது பெயர். அதன் பெரும்பகுதி மலத்தோடு கழிகிறது. நாய்களில் சிறிதளவு கண்ணீரிலும் உமிழ்நீரிலும் கலந்து வருகிறது. ஈரமயிரில் அது தங்கி, வெயிலும் வெளிச்சமும் பட்டபின் நிறம் முற்றுகிறது. நாய் ஓயாமல் நக்கும் முன்னங்காலிலும் இதே நிறம் ஏறுவதைக் காணலாம். கறுப்பு நாய்க்கும் இது உண்டு. கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. ஈரம் நீங்காத தோலில் ஈச்டு எனப்படும் பூஞ்சையும் நுண்ணுயிர்களும் குடியேறும்போதுதான் அந்தப் புளித்த வாடை எழுகிறது.

அழுகை பற்றிய அன்னையாரின் கருத்தையும் ஒதுக்கிவிட மனமில்லை. 2022ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் குழு ஒன்று, சில மணிநேரம் பிரிந்திருந்த எசமானரைத் திரும்பக் காணும் நாயின் கண்ணில் நீர் கூடுகிறது என்று அளந்து வெளியிட்டது. ஆனால் அது மீண்டும் கண்ட மகிழ்ச்சியில் கூடிய நீர். பிரிவுத் துயரின் நீர் அன்று. கன்னத்தில் கோடு விழுமளவு வழிந்த நீருமன்று. மாதக்கணக்கில் வழியும் கண்ணீருக்கு மனத்தை விட்டுக் கண்ணைத்தான் சோதிக்க வேண்டும்.

நாங்கள் அப்படிச் சோதிக்கவில்லை. முதல் ஆண்டு முழுவதும் கறையோடு போரிட்டோம். எவரோ சொன்னார்கள் என்று எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தோய்த்துத் தேய்த்தது உண்டு. பிள்ளைகளின் ஷாம்பூவால் முகத்தைக் கழுவியது உண்டு. விழா நாள்களில் கோட்டின்மேல் முகப்பவுடர் பூசி மறைத்ததும் உண்டு. அன்னையார் ஊர் வழக்கப்படி நந்தியாவட்டைப் பூவை நீரில் ஊறவைத்து ஒற்றினார். எங்கள் வைத்தியங்களுள் ஊறு குறைந்தது அதுவாகவே இருக்கும். கறை எதற்கும் அசையவில்லை.

2023ஆம் ஆண்டு மே மாதம் வந்தது. நாகபுரி வெயிலைப்பற்றி இவ்விதழின் வடபுலத்து நேயர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 45 பாகையைத் தொடும் வெப்பம், அனல் காற்று, அக்காற்றோடு வரும் தூசி. வீட்டினுள்ளே நாளெல்லாம் இரையும் கூலர். அந்தக் கூலரின் நேரெதிரில்தான் வெள்ளச்சி படுத்துக் கிடக்கும். ஒருநாள் காலை அதன் இடது கண் பாதி மூடியிருந்தது. முன்னங்காலால் முகத்தைத் தேய்த்துக் கொண்டது. நீர் முன்னிலும் மிகுதியாக வழிந்தது. வெயில் தணியட்டும், மருத்துவரிடம் போகலாம் என்று நாங்கள் அலுவலகம் சென்றுவிட்டோம். விடுமுறைக் கூட்டத்தில் பார்சல் அலுவலகத்தை விட்டு எழுந்துவர முடியாத நாள்கள் அவை.

அவ்வாண்டு சனவரியில் அன்னையாருக்குக் கண்புரை அறுவை நடந்திருந்தது. அதன்பின் விடுவதற்குக் கொடுத்த சொட்டு மருந்தில் அரைக்குப்பி மீந்து, குளிர்பெட்டியின் கதவுத் தட்டில் இருந்தது. தமக்குப் பார்வை தந்த மருந்து தம் வெள்ளச்சிக்கும் தரும் என்று நம்பி, அவர் அதை எடுத்துக் காலையும் மாலையும் இரண்டிரண்டு சொட்டு விட்டார். மாலையில் அதைக் கண்ட நாங்களும் தடுக்கவில்லை. கண் மருந்துதானே என்று எண்ணினோம். முதல் நாள் சிவப்புச் சற்றுக் குறைந்ததுபோல் தோன்றியது. அதனால் நம்பிக்கை கூடிற்று. நான்காம் நாள் விழியின் நடுவே பால்துளி விழுந்தாற்போல் வெண்மை படர்ந்துவிட்டது.

கால்நடை மருத்துவமனைக்கு அன்னையாரும் வந்தார். வீட்டில் இருக்கச் சொல்லியும் கேட்கவில்லை. மருத்துவர் இளைஞர், பொறுமை உடையவர். கண்ணில் ஃபுளோரெசின் என்ற சாயத்தை ஒரு துளி விட்டு, சிறிது நேரத்தில் கழுவிவிட்டு, நீல விளக்கால் பார்க்கச் செய்தார். விழிப்படலத்தில் புண் உள்ள இடத்தில் மட்டும் அச்சாயம் தங்கிப் பச்சையாக ஒளிரும். வெள்ளச்சியின் கண்ணில் ஓர் உளுந்தளவு பச்சை. கீழிமையின் உள்முனை சற்றே உட்புறம் சுருண்டிருக்க, மூக்கோரத்து மயிர்கள் விழியைத் தொட்டுக் கொண்டிருந்தன. இமைக்கும் ஒவ்வொரு தடவையும் துடைப்பம் தரையை உராய்வதுபோல் அவை உராய்ந்திருக்கின்றன. கண்ணீர் வழிந்ததற்கும், ஓராண்டாக நாங்கள் தேய்த்துத் தேய்த்துப் பார்த்த கறைக்கும் காரணம் அம்மயிர்களே. தூசியும் கூலர்க் காற்றும் சேர்ந்தபோது உராய்வு புண்ணாயிற்று.

பிறகு நாங்கள் கொண்டு சென்ற குப்பியை மருத்துவர் எடுத்துப் படித்தார். முகம் மாறியது. அதில் நுண்ணுயிர்க்கொல்லியோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தது. அறுவைக்குப் பின் வீக்கத்தைத் தணிக்க அது வேண்டும். ஆனால் விழிப்படலத்தில் புண் இருக்கும்போது அதை விட்டால் புண் ஆறாது, மேலும் கரைந்து ஆழமாகும். கண்ணே துளைபட்டுப் போகவும் கூடும். சிவப்புக் குறைந்ததுபோல் எங்களுக்குத் தோன்றியதும் அம்மருந்தின் மாயமே. போதாக்குறைக்கு, திறந்து ஒரு மாதத்துக்குள் எறிந்திருக்க வேண்டிய குப்பி அது. "இதை விட்டது யார்?" என்று மருத்துவர் இந்தியில் வினவினார். மொழி புரியாவிட்டாலும், குப்பியைச் சுட்டிய விரலின் பொருள் அன்னையாருக்குப் புரிந்துவிட்டது. "நாங்கள்தாம் விட்டோம்" என்றோம். அது பொய்யன்று.

வீடு திரும்பும்வரை அன்னையார் பேசவில்லை. அன்றிரவு உணவும் கொள்ளவில்லை.

கண் பிழைத்தது. மூன்று வாரங்கள் ஆயின. கழுத்தில் புனல் போன்ற பிளாஸ்டிக் வளையம். தொடக்கத்தில் இரண்டு மணிநேரத்துக்கு ஒரு தடவை மருந்து. இரவிலும் அலாரம் வைத்து எழ வேண்டும். அந்த இரவு முறையை அன்னையார் எங்களுக்கு விட்டுக் கொடுக்கவேயில்லை. எழுத்துப் படிக்கத் தெரியாததால், எந்தக் குப்பி முதலில், எது பிறகு என்பதற்கு மூடியில் ஒன்றுக்கு மஞ்சளும் மற்றொன்றுக்குக் குங்குமமும் தடவிக் கொண்டார். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஐந்து நிமிடம் விடவேண்டும் என்றதற்கு, கடிகாரம் பாராமல் ஏதோ முணுமுணுத்து எண்ணிக் கொண்டிருப்பார்.

இனி அன்பர்கள் கேட்டதற்கு வருகிறோம். மருத்துவர் கண்ணைப் பார்த்து, வழி அடைப்பா, இமைக் கோளாறா, ஒவ்வாமையா என்று அறிந்து சொன்னபிறகு, அல்லது நோய் ஒன்றுமில்லை, முகவாகே காரணம் என்று கூறியபிறகு, நாள்தோறும் செய்ய வேண்டிய தூய்மை இது. காலையும் இரவும் கையைச் சோப்பிட்டுக் கழுவிக் கொள்ள வேண்டும். கொதிக்கவைத்து ஆறிய நீர் போதும். மருந்துக் கடையில் கிடைக்கும் 0.9 விழுக்காட்டு உப்புநீரும் நல்லது, ஆயினும் திறந்த குப்பியை நாள்கணக்கில் வைத்திருத்தல் ஆகாது. பஞ்சின் இழை கண்ணில் ஒட்டும் என்பதால் பழைய மல்வேட்டியைக் கிழித்த துண்டுகளே நாங்கள் கையாள்பவை. ஒரு கண்ணுக்கு ஒரு துண்டு. அதே துண்டை மறு கண்ணில் வைக்கலாகாது. பீளை காய்ந்து கெட்டியாக இருந்தால் பிய்க்க முயலாமல், வெதுவெதுப்பான ஈரத்துணியை ஓரிரு நிமிடம் ஒற்றிப் பிடித்தால் தானே இளகும். பின்பு கண்ணின் உள்முனையிலிருந்து மூக்கோரமாகக் கீழ்நோக்கித் துடைக்க வேண்டும். விழியை நோக்கித் துடைத்தல் கூடாது. சிக்குப் பிடித்த மயிரைப் பேன்சீப்பால், அதுவும் கண்ணுக்கு எதிர்த்திசையில், மெல்ல வாரிவிடலாம்.

இவ்வளவு செய்தும் பலர் விட்டுவிடுவது ஒன்று உண்டு. அதுவே இதில் முதன்மையானது. துடைத்தபின் உலர்ந்த துணியால் ஒற்றி, ஈரமே இல்லாமல் செய்ய வேண்டும். ஈரத்தோடு விட்டால் பூஞ்சைக்குப் பாத்தி கட்டி நீர் பாய்ச்சியதாகும். தோல் சிவந்து மயிர் உதிர்ந்திருந்தால் அங்கே தேய்க்காமல் மருத்துவரிடம் காட்டுக.

கண்ணைத் தொடும் மயிரைக் கத்தரிப்பதற்கு முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோல் வேண்டும். ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள மற்றவர் வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் முனை ஒருபோதும் விழியைப் பார்த்து இருத்தல் கூடாது. கைந்நடுக்கம் உள்ளவர் இதில் இறங்க வேண்டாம். நாய்க்கு முடி திருத்துவோர் நகரங்கள்தோறும் இருக்கின்றனர். எங்கள் வீட்டில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இது நடக்கிறது. நெற்றியில் தொங்கும் மயிரைச் சேர்த்துக் கொண்டையாக முடிந்துவிடுவதும் உண்டு. கொண்டைக்குக் கனகாம்பரம் சூட்டும் வழக்கம் எங்கள் அன்னையாருடையது. மருத்துவத்தில் அதற்கு இடமில்லை.

ஏற்கெனவே நிறமேறிய மயிர் எதனாலும் வெளுப்பதில்லை என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். அது வளர்ந்து, வெட்டுண்டு, கழிய வேண்டியதே. பயன் உண்டா என்று அறிய மயிரின் நுனியைப் பாராமல் அடியைப் பார்க்க வேண்டும். அடியில் புதிதாக வருவது வெண்மையாக இருந்தால் சரியான வழியில் செல்கிறோம். இதற்குச் சில மாதங்கள் ஆகும். பொறுமையற்றவர்கள்தாம் ஹைட்ரஜன் பெராக்சைடையும் வெளுப்புத் தூளையும் போரிக் பவுடரையும் தேடிப் போகிறார்கள். இவற்றில் எதுவும் கண்ணருகே வரத் தக்கதன்று. ஒரு துளி உள்ளே சென்றால் விழிப்படலம் வெந்துபோகலாம். எலுமிச்சையைச் சொல்லவே வேண்டாம். அதை நினைக்கும்போது இன்றும் எங்களுக்கு நாணமாக இருக்கிறது.

உணவில் கலந்து கொடுத்தால் கறை மறையும் என்று விற்கப்படும் பொடிகளைப்பற்றியும் ஒரு சொல். அவற்றுட் சிலவற்றில் டைலோசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கலந்திருந்ததும், அதற்கு ஒப்புதல் பெறாமையால் 2014ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சில நிறுவனங்களுக்கு எச்சரிக்கை மடல் அனுப்பியதும் பதிவான செய்தி. கறை குறையலாம், நிறுத்தினால் திரும்பவும் வரும். வெறும் அழகுக்காக நாள்தோறும் சிறிது சிறிதாக அத்தகைய மருந்தைக் கொடுத்தால், உடலிலுள்ள கிருமிகள் அதற்குப் பழகிப்போய், மெய்யாகவே நோய் வரும்போது மருந்து வேலை செய்யாமற் போகும். பொட்டலத்தின் பின்புறத்தில் உள்ள சிறிய எழுத்தைப் படியாமல் எதையும் வாங்க வேண்டாம்.

வராமல் தடுப்பதற்குச் செய்யக்கூடியவை பெரும்பாலும் நம் வீட்டினுள்ளேயே உள்ளன. கூலர்க் காற்று நேரே முகத்தில் அடிக்கும் இடத்திலிருந்து படுக்கையை நகர்த்தினோம். கொசுவர்த்திச் சுருளும் ஊதுவத்தியும் புகையும் அறைக்கு வெள்ளச்சி வருவதில்லை. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையை அன்னையார் நிறுத்த மாட்டார். அந்நேரத்தில் அதை மாடிக்கு அழைத்துச் செல்கிறோம். மிளகாய் தாளிக்கும்போது நாமே தும்முகிறோம், தரையை ஒட்டி நடக்கும் பிராணியின் பாட்டை எண்ண வேண்டும். பினாயில் தரைக்கும் அஃதே. ஆட்டோவில் செல்லும்போது தலையை வெளியே நீட்ட விடுவதில்லை. கீறல் விழுந்த பிளாஸ்டிக் தட்டில் கிருமி தங்கும் என்பதால் எவர்சில்வர்க் கிண்ணத்துக்கு மாறினோம். குடிநீரை மாற்றினால் கறை நீங்கும் என்பதற்கு உறுதியான சான்று ஏதும் இல்லை. நல்ல நீர் நாய்க்கும் வேண்டியதே, ஆனால் அதை மருந்தென்று நம்பிக் காத்திருத்தல் வீண். குட்டிகளுக்குப் பல் முளைத்து மாறும் நான்கு முதல் ஏழு மாதப் பருவத்தில் கண்ணீர் மிகுவதும் உண்டு. பெரும்பாலும் தானே தணியும். ஆனால் குட்டிக்குக் காய்ச்சலோடு கெட்டியான பீளை வந்தால் அது டிஸ்டெம்பர் என்னும் கொடுநோயாக இருக்கலாம். தடுப்பூசியைத் தவணை தவறாமல் போட்டுவிட வேண்டும்.

பாரசீகப் பூனை வளர்க்கும் அன்பருக்குத் தனியே ஒன்று கூறவேண்டும். துடைக்கும் முறை ஒன்றுதான். ஆனால் பூனைகளுக்குள் ஹெர்ப்பிஸ் இனத்து வைரசு ஒன்று பரவலாக உண்டு. தும்மலும் கண்ணீரும் சேர்ந்து வந்தால் அதை முகவாகு என்று ஒதுக்கிவிடக் கூடாது.

கோடை விடுமுறையில் நாயையும் ஊருக்கு அழைத்துச் செல்வோர் பலர் எங்கள் மேசைக்கு வருகிறார்கள். குளிர்சாதன முதல் வகுப்பில் ஓர் அறையை முழுவதும் தமக்கே பதிவு செய்துகொண்டாலன்றி நாய் நம்முடன் அமர்ந்து வர இயலாது; பிரேக்வேனிலுள்ள நாய்ப்பெட்டியில்தான் ஏற்ற வேண்டும். விதி அது, பதிவு செய்து ரசீது எழுதுபவர்கள் நாங்களே. ஆனால் குமாஸ்தாவாக அன்றி நாய் வளர்ப்பவராகச் சொல்வதானால், தட்டை மூக்கு நாயை மே மாதத்தில் அப்பெட்டியில் ஏற்றாதீர்கள். அவை மூச்சால் உடலைக் குளிர்வித்துக் கொள்ளும் ஆற்றல் குறைந்தவை. கண்ணுக்கு முன் உயிருக்கே ஆபத்து. மற்ற நாய்களை ஏற்றினாலும், இறக்கிய உடன் கண்களை உப்புநீரால் கழுவித் தூசியை அகற்றுங்கள்.

எப்போது துடைப்பதை நிறுத்திவிட்டு ஓட வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறோம்; எங்களுக்கு இதை முன்னரே எவரேனும் சொல்லியிருக்கலாம். இரு கண்களிலும் நெடுநாளாக நீர் வழிவது ஒருவகை. ஒரு கண்ணில் மட்டும் திடீரென வழிவது வேறு. கண்ணைச் சுருக்கி வைத்துக் கொள்ளுதல், வெளிச்சத்துக்கு அஞ்சி மூலையில் ஒதுங்குதல், காலாலோ தரையிலோ முகத்தைத் தேய்த்தல், வெள்ளை விழி சிவத்தல், கருவிழி நீலமாகவோ வெண்மையாகவோ மங்குதல், மஞ்சளோ பச்சையோ ஆன பீளை, விழி புடைத்துத் தோன்றுதல் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே போக வேண்டும். மாலைவரை என்று தள்ளிப்போட்டவர்கள் நாங்கள். பீளை பசைபோல் ஒட்டி, கண் பளபளப்பு இழந்திருந்தால், நீர் மிகுதியால் அன்று, நீர் வற்றியதாலும் அப்படி ஆகும். காகிதப் பட்டையை இமையோரம் ஒரு நிமிடம் செருகி எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்த்து மருத்துவர் இதை அறிவார்; 15க்கு மேல் நனைவது நலம். போகும்போது, அதுவரை என்னென்ன விட்டீர்கள் என்பதைக் குப்பியோடு எடுத்துச் செல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மனிதருக்கு எழுதிக்கொடுத்த கண் மருந்து வீட்டில் மீந்திருந்தால், இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய்க் குப்பையில் போட்டுவிடுங்கள்.

வெள்ளச்சியின் இடது விழியில் கடுகளவு வெண்புள்ளி ஒன்று நிலைத்துவிட்டது. பார்வைக்குக் குறைவில்லை என்றார் மருத்துவர். புண் திரும்ப வந்தால் இமைக்குச் சிறு அறுவை செய்யலாம் என்றும் கூறியிருக்கிறார், இதுவரை தேவைப்படவில்லை. கோடு முன்னைவிட வெளிறியிருக்கிறது, முழுதும் போகவில்லை. அதன் முகவாகுக்கு இனிமேலும் முழுதும் போகாது என்பதை நாங்கள் ஏற்றுக் கொண்டோம். அன்னையார் இன்னமும் விடியலில் விளக்கேற்றிய கையோடு, வேட்டித்துணியில் இரண்டு துண்டு கிழித்து எடுத்துக்கொண்டு முற்றத்தில் அமர்கிறார். அது தானே வந்து மடியில் மோவாயை வைத்துக் கொள்கிறது. "முடி குத்துதாட்டீ?" என்று கேட்டுக்கொண்டே முதலில் இடது கண்ணைத்தான் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்க்கிறார்.